மூலை வீட்டு வேலி: ஆளைக் கூப்பிடும் முன்

தம்பி, இங்கிலாந்தில் மூலை வீடு வாங்கியிருக்கிறீர்கள். தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாமல் சுற்றிலும் ஆறடி வேலி போடலாமா, எந்த மரம் நல்லது, யாரிடம் வேலையைக் கொடுப்பது என்று கேட்கிறீர்கள். மரத்தைப் பற்றிக் கடைக்காரரே சொல்வார். ஆளை உங்கள் தெருவில் விசாரித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். வம்பெல்லாம் உயரத்தில்தான்.

கவுன்சிலை, அதாவது ஊர் நிர்வாகத்தைக் கேட்காமல் போடக்கூடிய உயரம் 2 மீட்டர். ஆனால் வாகனம் ஓடும் சாலையை ஒட்டிய பக்கத்தில் 1 மீட்டர்தான். நடுவில் நடைபாதை இருக்கிறதே என்று வாதாடாதீர்கள், நடைபாதையும் சாலையில் சேர்த்தி. மூலை வீட்டுக்கு இரண்டு பக்கம் சாலை. ஆக, நீங்கள் மறைக்க நினைக்கும் பக்கம்தான் இடுப்பளவில் நிற்க வேண்டிய பக்கம்! அதற்கு மேல் வேண்டுமானால் விண்ணப்பம் போடுங்கள். கொடுத்தாலும் கொடுப்பார்கள்.

பின்பக்கத்துக்கும் அளவுநாடா வேண்டும். ஆறடிப் பலகை 1.83 மீட்டர். மரம் மண்ணில் ஊறாமலிருக்க அடியில் கான்கிரீட் பலகை வைப்பார்கள். அது அரையடி என்றால் 1.98, தப்பித்தீர்கள். ஓரடி என்றால் 2.13, போயிற்று. கொடி படர வேலிக்கு மேல் மாட்டுகிற மரச்சட்டமும் உயரத்தில் சேரும். வேலி போடுகிறவர் இதையெல்லாம் சொல்லமாட்டார். பணத்தை வாங்கிக்கொண்டு வேனில் ஏறிவிடுவார், கவுன்சில் கடிதம் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம் என்றால் எந்த உயரத்துக்கும் அனுமதி வேண்டும். புதுக் குடியிருப்புகளில் முன்பக்கம் வேலியே கூடாது என்று பத்திரத்தில் எழுதியிருப்பதும் உண்டு. வாங்கும்போது சொலிசிட்டர், அதாவது வக்கீல் கொடுத்த காகிதக் கட்டு எங்காவது கிடக்கும், எடுத்துப் படியுங்கள். இடப்பக்க வேலி நம்முடையது என்று நம்மவர்கள் சத்தியம் செய்வார்கள். அப்படி ஒரு சட்டமே இல்லை. பத்திர வரைபடத்தில் எல்லைக்கோட்டின் மேல் 'டீ' (T) என்ற ஆங்கில எழுத்து இருந்தால், அது எந்தப் பக்கம் நிற்கிறதோ, பெரும்பாலும் அந்த வீட்டுக்காரருடையது வேலி.

விருந்துகளில் இன்னொரு ஞானமும் கிடைக்கும்: "போட்டுவிடு, நாலு வருடம் தாண்டினால் ஒருவனும் கேட்கமாட்டான்." இவர்கள் இங்கே காலம் காலமாக இருக்கிறார்கள், ஆனால் வீட்டுக்கு வரும் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதில்லை. இங்கிலாந்தில் அந்த நாலு வருடம் 2024 ஏப்ரலில் பத்து வருடமாகிவிட்டது. அதற்குள் பக்கத்து வீட்டார் ஒருவர் கவுன்சிலுக்கு ஒரு வரி எழுதினால் போதும். அகற்றச் சொல்லி முறைப்படி வந்த உத்தரவை மீறுவது குற்றம்.

இந்தக் கடிதங்களைப் படிக்க நான் பழகியது வந்த முதல் குளிர்காலத்தில். நம்மவர் ஒருவர் வீட்டில் முன்னறை வாடகைக்கு எடுத்திருந்தேன். அவர் சாலையோரம் ஆளுயர வேலி போட்டிருந்தார். கவுன்சில் கடிதம் வந்தபோது, புதிதாக வந்த படித்த பையன் என்று என் கையில் திணித்தார். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்துச் சொன்னேன். வெட்டும் வேலையும் எங்கள் தலையில்தான் விழுந்தது, வாடகைக்கு இருந்தவர்கள் அத்தனை பேரும் ஈர மரத்தில் ரம்பம் இழுத்தோம். அவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, நான் பென்சிலால் போட்ட கோட்டுக்குக் கொஞ்சம் மேலே வெட்டச் சொல்லிப் பேரம் பேசினார். கவுன்சிலோடு அல்ல, என்னோடு! நான் கோட்டிலேயே வெட்டினேன். இன்று எங்கள் தெருவில் வெள்ளைக்காரர்கள் கூட வேலி விவகாரம் என்றால் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

செடிக்கு இந்த உயரக் கணக்கு கிடையாது என்று யாரோ அந்த வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் என்றும் பசுமையான செடிகள் வரிசையாக 2 மீட்டரைத் தாண்டி வளர்ந்து அண்டை வீட்டாருக்குத் தொல்லையானால், அவர்கள் கவுன்சிலில் முறையிட 2003ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அவர் காலத்தில் அது இல்லை. வெட்டிய வேலிக்குப் பின்னால் சைப்ரஸ் கன்றுகளை நெருக்கமாக நட்டார், மளமளவென்று வளர்ந்தன. என் அறைக்கு இருந்த ஒரே ஜன்னல் அந்தப் பக்கம்தான். பகலிலும் விளக்குப் போட்டுத்தான் படித்தேன். மின்சாரத்துக்குத் தனியாக வாங்கினாரே தவிர, வாடகையில் ஒரு பென்னி குறைக்கவில்லை.