இடைவெளியை வெட்டாதீர்கள்: பிரிவைப் படமெடுப்பது பற்றிக் கேள்வி பதில்

இந்த மாதம் நம் புகைப்படக் குழுவில் ‘பிரிவு’ என்ற தலைப்பில் படம் எடுக்கலாம் என்று முடிவானதும் கேள்விகள் நிறைய வந்துவிட்டன. நாகர்கோவிலில் கல்யாணப் படங்களும், நேரம் கிடைக்கும்போது கடற்கரைப் படங்களும் எடுப்பவன் நான். தெரிந்த வரைக்கும் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (முட்டம்): கடலுக்குப் போகிற வள்ளத்தையும் கரையில் நின்று பார்க்கிற அம்மாவையும் ஒரே படத்தில் எடுக்க ஆசை. மொபைலில் சாதாரணமாக எடுத்தால் வள்ளம் புள்ளியாகிவிடுகிறது. ஜூம் செய்தால் அம்மாவுக்குப் பக்கத்திலேயே வள்ளம் நிற்கிற மாதிரி வருகிறது. என்ன செய்வது?

எல்லாருக்கும் வருகிற சிக்கல்தான் இது. முதலில் காரணத்தைப் பார்ப்போம். அம்மாவுக்கு மிக அருகில் நின்று அகலக் கோணத்தில் எடுத்தால் அவர் பெரிதாகவும் வள்ளம் சிறிதாகவும் தெரியும், நடுவில் உள்ள தூரம் நீண்டுபோகும். தூரமாய்ப் போய் நின்று ஜூம் செய்தால் அந்தத் தூரம் சுருங்கிவிடும். லென்ஸைவிட, நீங்கள் நிற்கிற இடம்தான் இதை முடிவு செய்கிறது.

பிரிவு என்கிற தலைப்புக்கு அந்தத் தூரம்தான் விஷயமே. அதனால் தூரத்தை இழுத்துக் காட்டுகிற 200 மி.மீ. லென்ஸை இந்த மாதம் பையிலேயே வைத்துவிடுங்கள். மொபைலில் 2எக்ஸ் ஜூம், கேமராவில் 50 மி.மீ. போதும். அம்மாவுக்கு ஏழெட்டு அடி பின்னால் நில்லுங்கள்.

அடுத்தது, உயரம். மணலில் உட்கார்ந்து எடுத்தால் கரைக்கும் வள்ளத்துக்கும் நடுவில் உள்ள தண்ணீர் ஒரு மெல்லிய கோடாகத்தான் தெரியும். அதே காட்சியை ஒரு ஆள் உயரம் ஏறி நின்று பாருங்கள், தண்ணீர் விரிந்துகொண்டே போகும். முட்டத்தில் பாறைகளுக்கா பஞ்சம்? ஈரமில்லாத, பாசி இல்லாத பாறையாகப் பார்த்து ஏறுங்கள். அவ்வளவு உயரத்திலிருந்து அம்மாவின் தலைக்கு மேலே தண்ணீர், தண்ணீருக்கு மேலே வள்ளம் என்று மூன்றும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

மூன்றாவது, நேரம். வள்ளம் தொடுவானத்துக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். முறிகிற அலையைத் தாண்டிய உடனே எடுங்கள். அப்போது வள்ளத்தில் இருப்பவரின் முதுகு வளைவு, கை அசைவு எல்லாம் அடையாளம் தெரிகிற அளவில் இருக்கும். எடுத்த பிறகு நடுவில் இருக்கிற வெறும் தண்ணீரைத் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். நண்பர்கள் ‘காலியா இருக்கே’ என்று சொல்வார்கள். சொல்லட்டும்.

கேள்வி (குளச்சல்): படகுகள் கிளம்புவதை எடுக்க எந்த நாள், எந்த நேரம் நல்லது?

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குக் கிழக்கு, மேற்கு என்று இரண்டு கடற்கரை இருப்பதை நினைவில் வையுங்கள். சின்னமுட்டத்தில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடை முடிந்த மறுநாள் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு மாதம் வீட்டில் இருந்தவர்கள் கிளம்புகிற நாள் அது. ஐஸ், டீசல், தண்ணீர் கேன், அரிசி மூட்டை எல்லாம் ஏறிக்கொண்டிருக்கும். தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் படகு என்றால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். அந்த ஊர்க்காரர்கள் பலர் கொச்சித் துறைமுகத்திலிருந்தே கடலுக்குப் போகிறார்கள். அவர்கள் வீட்டில் பிரிவு பஸ் ஏறும்போதே ஆரம்பித்துவிடும், அதனால் கையில் பையோடு பஸ் ஸ்டாப்பில் நிற்பவரையும் எடுக்கலாம்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, சின்னமுட்டத்தில் விடியும்போது சூரியன் கடல் பக்கமிருந்து வரும், கடலைப் பார்த்து நிற்பவர் முகத்தில் நேரே விழும். முட்டத்தில் காலையில் அவர் முதுகில்தான் வெயில், முகம் நிழலில் இருக்கும். அங்கே முகம் வேண்டுமென்றால் சாயங்காலம்தான்.

கேள்வி (மார்த்தாண்டம்): கல்யாணம் முடிந்து பெண் காரில் ஏறும்போது எடுக்கிற படங்கள் எல்லாம் அழுகிற முகமாகவே இருக்கின்றன. வேறு எப்படி யோசிக்கலாம்?

கைகளைப் பாருங்கள். முகத்தை மனுஷர் கட்டுப்படுத்திக்கொள்வார்கள், கையை முடியாது.

இதற்கு ஒரு பழைய படத்தைச் சொல்ல வேண்டும். 1940 அக்டோபர் 1ஆம் தேதி, கனடாவில் நியூ வெஸ்ட்மின்ஸ்டர் என்ற ஊரில் ஒரு படைப்பிரிவு போருக்குக் கிளம்பித் தெருவில் அணிவகுத்துப் போகிறது. ஐந்து வயதுப் பையன் ஒருவன் அம்மாவின் பிடியிலிருந்து நழுவி, வரிசையில் போகிற அப்பாவை நோக்கி ஓடுகிறான். கிளாட் டெட்லாஃப் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் அதை எடுத்தார். அப்பா துப்பாக்கியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, திரும்பி மற்றக் கையை நீட்டுகிறார். பையன் கையை நீட்டுகிறான். பின்னால் அம்மாவும் கையை நீட்டுகிறார். மூன்று கைகளும் ஒரே சாய்வுக் கோட்டில் வரிசையாக வருகின்றன, ஆனால் அந்த நொடியில் ஒரு கையும் இன்னொரு கையைத் தொடவில்லை. ஒரு விநாடி கழித்து எடுத்திருந்தால் அப்பாவும் பிள்ளையும் கை பிடித்திருப்பார்கள். அதுவும் நல்ல படமாகத்தான் இருந்திருக்கும், ஆனால் இந்தப் படமாக இருந்திருக்காது.

ஆகவே கார் கதவு சாத்துவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தயாராகுங்கள். கண்ணாடியை இறக்கி அம்மாவின் கையைப் பிடித்திருப்பார்கள், வண்டி நகரும்போது விரல் நுனி விடுபடும். அந்த இடத்தில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், கண்ணாடியில் அடித்துக் கெடுத்துவிடும். அப்புறம் வண்டி போனதும் கேமராவைக் கீழே இறக்காதீர்கள். கல்யாண வீட்டு வாசலில் அப்பா தனியாக நின்றுகொண்டிருப்பார். என்னைக் கேட்டால் ஆல்பத்தில் நிற்கப்போகிற படம் அதுதான்.

கேள்வி (நாகர்கோவில்): ஜங்ஷனில் ரயில் கிளம்பும்போது ஜன்னல் வழியாக எடுத்தால் உள்ளே இருப்பவர் முகம் கறுத்துப்போகிறது. ஏசி பெட்டி என்றால் கண்ணாடியில் நம் முகம்தான் தெரிகிறது.

ஸ்லீப்பர் ஜன்னல் என்றால் மொபைல் திரையில் உள்ளே இருப்பவர் முகம் தெரிகிற இடத்தை விரலால் தொட்டு வெளிச்சத்தை அங்கே அளக்கச் சொல்லுங்கள். வெளியே நிற்பவர் வெளுத்துப்போவார், பரவாயில்லை. ஏசி கண்ணாடிக்கு நேரம்தான் மருந்து. பகலில் வெளியே வெளிச்சம் அதிகம், அதனால் கண்ணாடி நம்மையே திருப்பிக் காட்டும். இருட்டத் தொடங்கி உள்விளக்கு வெளி வெளிச்சத்தை மிஞ்சும்போது உள்ளே இருப்பவர் தெளிவாகத் தெரிவார். நடுவில் ஒரு பத்து நிமிஷம் இரண்டும் சமமாக இருக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் முகமும் பிளாட்பாரத்தில் நிற்பவர் நிழலும் ஒரே கண்ணாடியில் சேர்ந்து விழும். அந்தப் பத்து நிமிஷத்தை விடாதீர்கள்.

கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகருக்குப் போகிற விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதில் ஏறுகிற வடகிழக்குத் தொழிலாளிகளை நம் ஊர்ப் படக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர்களிடமும் பேசிப் பாருங்கள். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்ளுங்கள்.

கேள்வி (இரணியல்): மகன் துபாயில் இருக்கிறான். வீடியோ காலில் பேசும்போது அவனையும் என் மனைவியையும் ஒரே படத்தில் கொண்டுவர முடியுமா?

முடியும் அண்ணே. போனின் திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறையுங்கள், இல்லையென்றால் அவன் முகம் வெள்ளையாய்ப் போய்விடும். அக்காவை ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள். ஷட்டர் 1/60 விநாடியைவிட வேகமாகப் போனால் திரையில் பட்டை பட்டையாக விழலாம். கோடுகள் அலை மாதிரி வந்தால் கோணத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள்.

அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். இங்கே விளக்கு வைக்கிற நேரத்தில் அங்கே வெயில் இன்னும் இறங்கியிருக்காது. அந்த நேரத்தில் அழைக்கச் சொல்லுங்கள், அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரட்டும். அக்கா முகத்தில் இருட்டப்போகிற நீலம், திரையில் அவன் முகத்தில் மஞ்சள் வெயில். இரண்டு ஊர் என்பதை வெளிச்சமே சொல்லிவிடும்.

கேள்வி (தேங்காய்ப்பட்டணம்): ஒக்கிப் புயலில் ஆள் திரும்பி வராத வீடு ஒன்று எங்கள் தெருவில் இருக்கிறது. அதைப் படமாக்கலாமா?

2017 நவம்பர் கடைசியில் நடந்ததை நம் கடற்கரைக்கு யாரும் விளக்க வேண்டாம். எடுக்கலாம், ஆனால் முதல் தடவை கேமரா இல்லாமல் போங்கள். உட்கார்ந்து பேசுங்கள். படம் எங்கே வைக்கப்படும், யார் பார்ப்பார்கள் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள், இரண்டாம் தடவை கேட்காதீர்கள்.

சம்மதித்தால் வீட்டில் எதையும் நகர்த்தாதீர்கள். அவருடைய சட்டையை ஆணியில் மாட்டி எடுக்கலாமே என்று ஆசை வரும். அது எங்கே மடித்து வைக்கப்பட்டிருக்கிறதோ அங்கேயே எடுங்கள். பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தால் பூட்டிய பெட்டியை எடுங்கள். அந்த வீட்டார் எதைக் கண்ணில் படும்படி வைத்திருக்கிறார்கள், எதை மூடி வைத்திருக்கிறார்கள் என்பதில் அவர்களுடைய துக்கம் இருக்கிறது, அதை நாம் திருத்தக் கூடாது.

காணாமல் போனவரின் படத்தை மனைவி மடியில் பிடித்திருக்கிற படங்கள் நிறைய வந்துவிட்டன. அவராகவே எடுத்து வந்து காட்டினால் தயங்காமல் எடுங்கள். பிடிக்கச் சொல்லி நாம் கேட்பது வேறு. சட்டத்துக் கண்ணாடியில் வெளிச்சம் அடித்தால், உங்களுக்குப் பின்னால் வாசலோ ஜன்னலோ இருக்கிறது என்று அர்த்தம். இருண்ட சுவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் வருகிற மாதிரி இடம் மாறுங்கள். பிரின்ட் போட்டு அந்த வீட்டுக்கு ஒன்று கொடுங்கள்.

கேள்வி (தக்கலை): படத்துக்குக் கீழே குறிப்பு எழுத வேண்டுமா? படமே பேச வேண்டும் என்கிறார்களே.

இந்தத் தலைப்புக்குக் கட்டாயம் எழுத வேண்டும், உள்ளது உள்ளபடி. 2018 ஜூனில் அமெரிக்க, மெக்சிகோ எல்லையில் ஜான் மூர் எடுத்த படம் நினைவிருக்கலாம். ஹோண்டுராஸிலிருந்து வந்த தாயை அதிகாரி சோதனை செய்கிறார், சின்னக் குழந்தை பக்கத்தில் நின்று அழுகிறது. எல்லையில் பெற்றோரையும் பிள்ளைகளையும் பிரித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் படமே அதற்கு அடையாளமாக உலகம் முழுக்கப் பரவியது, டைம் பத்திரிகை அந்தக் குழந்தையை மட்டும் வெட்டியெடுத்து அட்டையில் போட்டது. பிறகுதான் அந்தக் குழந்தை தாயிடமிருந்து பிரிக்கப்படவில்லை என்று தெரிந்தது. மூர் தன் குறிப்பில் தாயைச் சோதிக்கும்போது குழந்தை அழுகிறது என்றுதான் சொல்லியிருந்தார். அவர் படம் அடுத்த வருஷம் வேர்ல்டு பிரஸ் போட்டோ பரிசும் பெற்றது. ஆனால் பிரிவே நடக்கவில்லை என்று வாதாடியவர்களுக்கு அந்த அட்டை வசதியாகிப்போனது. நீங்கள் எழுதுகிற ஒரு வரியும், படத்திலிருந்து வெட்டுகிற ஒரு அங்குலமும் இவ்வளவு தூரம் போகும். அண்ணன் சந்தைக்குப் போகிறார் என்றால் சந்தை என்றே எழுதுங்கள்.

கேள்வி (களியக்காவிளை): மாநில எல்லையைப் பிரிவாகக் காட்டலாமா?

1956இல் எல்லை போட்டார்கள், சரி. ஆனால் கேரளத்துப் பாறசாலையில் பெண் கொடுத்து, இங்கே பெண் எடுத்து, ஒரே பஸ்ஸில் இரண்டு பாஷையும் பேசிக்கொண்டு போகிறவர்கள் நடுவில் பிரிவைத் தேடுவது கஷ்டம். வேறு இடம் பாருங்கள்.

கேள்வி (கன்னியாகுமரி): சித்ரா பௌர்ணமி அன்று சூரியன் மறைவதையும் சந்திரன் உதிப்பதையும் இந்தத் தலைப்பில் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் இரண்டும் எதிரெதிர்த் திசை. பனோரமாவில் இழுத்தால் இரண்டும் கடுகளவாகிவிடும். தனித்தனியாக, ஒரே லென்ஸில் எடுத்து, இரண்டு படமாகப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நடுவில் கொஞ்சம் வெள்ளை விடுங்கள்.

கேள்வி (குலசேகரம்): ரப்பர் தோட்டத்தில் தனியாக நிற்கிற ஆளை எடுத்தால் மரத்தோடு மரமாகக் கலந்துவிடுகிறார். பின்னணியை மங்கலாக்குகிற போர்ட்ரெய்ட் மோடு போட்டால் முடி ஓரமெல்லாம் பிய்ந்துபோகிறது.

மோடை அணையுங்கள். கருத்த தலைமுடிக்குப் பின்னால் கருத்த மரம் வந்தால் எந்த லென்ஸாலும் பிரிக்க முடியாது. நீங்கள் அரை அடி இடமோ வலமோ நகர்ந்து, இரண்டு வரிசை மரத்துக்கு நடுவில் வெளிச்சம் தெரிகிற சந்தில் அவர் தலை வரும்படி பாருங்கள். அவரைப் பின்னால் உள்ள மரத்திலிருந்து பத்தடி முன்னால் வரச் சொல்லுங்கள். காலை ஏழு மணி வெயில் அவர் பின்னாலிருந்து வந்தால் தோளிலும் காதிலும் ஒரு வெளிச்சக் கோடு விழும், அதுவே அவரைத் தனியாக நிறுத்தும். மழை மூட்டமான நாளில் இது நடக்காது. அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வரச் சொல்லுங்கள்.