என்டிபி சர்வர் (நெட்வொர்க்கில் உள்ள கருவிகளின் கடிகாரத்தை ஒத்துவைக்கும் சர்வர்) நின்றுபோனால் சேஃப்டி பிஎல்சி (ஆபத்து வந்தால் இயந்திரத்தை நிறுத்தும் கன்ட்ரோலர்) ட்ரிப் ஆகுமா, அதாவது தானாகவே எல்லாவற்றையும் நிறுத்திவிடுமா?

பொதுவாக ஆகாது. புரோஃபிசேஃப் என்ற பாதுகாப்புத் தகவல்தொடர்பு நெறிமுறையில் ஒவ்வொரு செய்தியும் தொடர் எண், சிஆர்சி (பிழை கண்டறியும் குறியீடு) கொண்டு சரிபார்க்கப்படும். வாட்ச்டாக் நேரத்துக்குள் (அடுத்த செய்திக்காகக் காத்திருக்கும் அதிகபட்ச நேரம்), உதாரணமாக 150 மில்லிசெகண்டுக்குள், சரியான அடுத்த செய்தி வராவிட்டால் அவுட்புட் பாதுகாப்பான நிலைக்குப் போய்விடும். இதை அளப்பது உள் டைமர். மணி பத்தா பதினொன்றா என்பது அதற்குத் தேவையே இல்லை. சிஐபி சேஃப்டி என்ற இன்னொரு நெறிமுறையில் நேரமுத்திரை உண்டு, ஆனால் அது இரு முனைகளும் தங்களுக்குள் ஒத்துக்கொள்ளும் நேரம்தான்.

சரி, அப்புறம் என்டிபி எதற்கு? ட்ரிப்புக்குப் பின் எது முதலில் நடந்தது என்று பார்க்க. இரண்டு கன்ட்ரோலர்களின் கடிகாரம் 2 செகண்ட் விலகியிருந்தால், பம்ப் நின்று அழுத்தம் குறைந்ததா, அழுத்தம் குறைந்து பம்ப் நின்றதா என்று நிகழ்வுப் பதிவை வைத்துச் சொல்லவே முடியாது. மில்லிசெகண்டைவிட நுணுக்கமாக வேண்டுமென்றால் ஐஇஇஇ 1588 பிடிபி என்ற இன்னும் துல்லியமான கடிகார ஒத்திசைவு முறையின் பக்கம் போங்கள்.