1 கிலோ பொருளுக்கு 6 கிலோ கூலி ஏன்?

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடி பனையோலைக் கைவேலைப் பொருட்களை ஒன்லைனில் விற்கும் ஒரு சகோதரி கேட்கிறார்: "மூன்று அளவில் மூன்று கூடைகளை டொரொண்டோவுக்கு அனுப்பினேன். காட்போட் பெட்டியோடு சேர்த்து வீட்டுத் தராசில் 1 கிலோ 200 கிராம்தான். பெட்டி 40க்கு 30க்கு 25 சென்ரிமீற்றர். கூரியரில் 6 கிலோவுக்குப் பில் போட்டுவிட்டார்கள். என் தராசு பிழையா, இல்லை அவர்கள் ஏமாற்றினார்களா?"

உங்கள் தராசும் சரி, அவர்களுடைய பில்லும் சரி. நீங்கள் கட்டியது கூடைக்கான காசு மட்டுமல்ல, அந்தப் பெட்டி விமானத்தில் அடைத்துக்கொண்ட இடத்துக்கான காசும்தான்.

விமானம் தாங்கக்கூடிய பாரத்தின் எல்லையை எட்டுவதற்கு முன்பே பெரும்பாலும் இடம் நிறைந்துவிடும். அதனால் டிஎச்எல், ஃபெடெக்ஸ், யூபிஎஸ் போன்ற கூரியர்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் பிரிப்பார்கள். வருவதுதான் கனவளவு நிறை. பில்லில் வொலியூமெட்ரிக் என்று போட்டிருப்பார்கள். அதையும் தராசு நிறையையும் ஒப்பிட்டு, எது கூடவோ அதற்குக் காசு. உங்கள் பெட்டியில் 40 × 30 × 25 என்றால் 30,000. அதை 5000ஆல் பிரித்தால் 6. எரிபொருள் மேலதிகக் கட்டணமும் கூரியர் கூலியின் சதவீதமாகத்தான் ஏறும் என்பதால் பெட்டி பெருத்தால் அதுவும் பெருக்கும்.

இனிமேல் கூடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் ஒன்றுக்குள் ஒன்றாக வையுங்கள். அப்புறம் பெரிய கூடைக்கு ஏற்றாற்போல் பெட்டி தேடுங்கள். கையில் கிடைத்த பிஸ்கட் பெட்டியில் போட்டு மிச்ச இடத்துக்குப் பத்திரிகைத் தாளைக் கசக்கி அடைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. 28க்கு 28க்கு 16 பெட்டி போதும் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் 2.51 கிலோ. நல்லதுதான், ஆனால் சர்வதேசக் கூரியர்களில் அரைக் கிலோ அரைக் கிலோவாக மேலே ஏற்றித்தான் கணக்கெடுப்பார்கள். அந்த 10 கிராமுக்காக 3 கிலோ காசு போய்விடும். உயரத்தில் ஒரே ஒரு சென்ரிமீற்றரை வெட்டி மடித்து 15 ஆக்குங்கள்: 2.35, பில்லில் 2.5. அதே மூன்று கூடைகள், 6 கிலோவிலிருந்து 2.5 கிலோவுக்கு வந்துவிட்டன. கத்தியும் அடிமட்டமும் செய்கிற வேலை இது.

புறக்கோட்டையில் பெட்டி வாங்கும்போது சொல்கிற அளவு உள்ளளவா வெளியளவா என்று கேளுங்கள். கூரியரில் வெளியேதான் அளப்பார்கள், அதுவும் பெட்டி புடைத்திருந்தால் புடைத்த இடத்தில். பாயைச் சுருட்டி உருளையாக அனுப்பினாலும் அதைச் சுற்றி ஒரு சதுரப் பெட்டி இருப்பதாகவே கணக்கு. சுருட்டலை எவ்வளவு இறுக்குகிறீர்களோ அவ்வளவு மிச்சம்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனித்தான். 2.5 கிலோவுக்குக் காசு கட்டுகிறீர்கள், உள்ளே இருப்பதோ ஏறக்குறைய 1 கிலோ. மிச்ச 1.5 கிலோவுக்கான கூலியை ஏற்கனவே கட்டிவிட்டீர்கள். உள் கூடையின் வெற்றிடத்தில் துணிப்பை, மேசை விரிப்பு என்று எதை மடித்து வைத்தாலும் கூரியர் கூலி ஒரு சதமும் ஏறாது. வாங்குகிறவரிடம் "இதோடு சேர்த்து எடுத்தால் அனுப்பும் செலவு அதேதான்" என்று தாராளமாகச் சொல்லலாம். மிளகாய்த்தூள் மாதிரியான பாரமான சாமான்களில் நிலைமை நேர்மாறு. அங்கே தராசுதான் தீர்மானிக்கும், பெட்டியைச் சுருக்குவதால் பெரிதாக இலாபமில்லை.

அவசரமில்லாத ஓடர்களுக்குத் தபாலையும் பாருங்கள். சர்வதேசத் தபாலில் சிறு பொதி என்ற வகைக்கு 2 கிலோதான் எல்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 90 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது, எந்தப் பக்கமும் 60ஐத் தாண்டக்கூடாது. உங்கள் பழைய பெட்டி கூட்டினால் 95, எடுக்கமாட்டார்கள். புதியது 71, தாராளமாகப் போகும். அங்கே கட்டணம் கிராமைப் பார்த்துத்தான், ஆகவே பாரமில்லாத பனையோலைக்கு அது தோதான வழி. போய்ச் சேரக் கூட நாட்கள் எடுக்கும் என்பதை வாங்குகிறவரிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று நாட்டுக்குள் அனுப்பும்போது முதல் கிலோவுக்கு ஒரு விலை, பிறகு ஒவ்வொரு கிலோவுக்கும் இவ்வளவு என்பதே பொதுவான வழக்கம். 1 கிலோ 50 கிராம் வந்தாலும் இரண்டாவது கிலோ விழும். எல்லாம் கட்டி ஒட்டிய பிறகு நிறுத்துப் பாருங்கள், டேப்புக்கும் பெட்டிக்கும் நிறை உண்டு.

விலை போடுவதற்கு முன் ஒவ்வொரு பொருளையும் ஒருமுறை பொதி செய்து, வெளியளவையும் நிறையையும் கொப்பியில் எழுதி வையுங்கள். கொடுக்கும் நாளில் அளவு நாடாவைப் பெட்டியில் பிடித்தபடி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் அளவு கூடியிருந்தால் அதைக் காட்டித் திருத்தக் கேட்கலாம். அவுஸ்திரேலியாவிலிருந்து ஓடர் வந்தால் மட்டும் அவசரப்படவேண்டாம். ஓலை, நார் போன்ற தாவரப் பொருட்களில் அங்கே சோதனை கடுமை. அந்த நாட்டு விதிகளைப் பார்த்துவிட்டு, ஓலையை நன்றாகக் காயவைத்துக் கட்டுங்கள்.