கேள்வி நேரம்: கிணற்று நீச்சல் கடலுக்குப் போதுமா?

விடுமுறை வந்தால் தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி, வேளாங்கண்ணி என்று வேன்கள் கிளம்பிவிடும். கடலில் குளிப்பது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

எங்கள் பக்கத்துப் பையன்கள் கிணற்றில் குதித்தே நீச்சல் பழகியவர்கள். நீச்சல் தெரிந்தவர்களையும் கடல் இழுத்துக்கொண்டு போவது எப்படி?
– வாசகர், பென்னாகரம்

கிணற்றுத் தண்ணீர் நகராது. மூச்சு வாங்கினால் நாலு கை போட்டதும் படியோ மோட்டார் குழாயோ பிடிக்கக் கிடைக்கும். கடலில் நீங்கள் சும்மா இருந்தாலும் தண்ணீர் சும்மா இருப்பதில்லை.

கரையை ஒட்டி நீருக்கடியில் மணல் திட்டு இருக்கும். அலைகள் அதன் மேல் உடைந்து தண்ணீரைக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ளிய தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டுமே! திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ, அந்த வழியாக எல்லாம் சேர்ந்து கடலை நோக்கிப் பாயும். இதுதான் ரிப் கரண்ட் எனப்படும் இழுவை நீரோட்டம். அகலம் பெரும்பாலும் 10 முதல் 30 மீட்டர். சாதாரண நாளில் நொடிக்கு அரை மீட்டர் ஓடும். அலை பெரிதானால் 2 மீட்டரைத் தொடும். 50 மீட்டரை 50 நொடியில் கடப்பவரை நல்ல நீச்சல்காரர் என்போம். அவர் வேகமே நொடிக்கு 1 மீட்டர்தான். அலை பெரிதான நாளில் கரையைப் பார்த்து நேராக நீந்தினால், உயிரைக் கொடுத்து நீந்தியும் பின்னால்தான் போவார். கை ஓய்ந்து, பயத்தில் வாயைத் திறந்து தண்ணீர் குடித்து, அப்புறம்தான் மூழ்குவார்.

இந்த நீரோட்டம் ஆளை அடியில் அமுக்காது, கடலுக்குள்ளே கொண்டுபோகும், அவ்வளவுதான். அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் பெரும்பாலும் வேகம் குறைந்துவிடும். அதனால் சிக்கிக்கொண்டால் முதலில் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். உப்புத் தண்ணீர் கிணற்று நீரைவிட நன்றாகவே தாங்கும். ஒரு கையை உயர்த்தி ஆட்டிக் கூப்பிடுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்துங்கள். எந்தப் பக்கம் வெள்ளை நுரையோடு அலை உடைகிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும். அங்கேதான் திட்டு, ஆழம் குறைவு. ஒரு பக்கம் முன்னேற முடியவில்லை என்றால் மறுபக்கம் முயலுங்கள். இழுப்பு விட்டதும் அலையோடு சாய்வாகக் கரைக்கு வரலாம்.

மிதந்து போகிற இந்த யோசனையை ஒகேனக்கலுக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே நீரோட்டத்தின் முடிவில் பாறையும் அருவியும்தான் இருக்கின்றன.

அந்த இடத்தைக் கரையிலிருந்தே கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, ஊத்தங்கரை

பல நேரம் முடியும். இறங்கும் முன் சற்று மேட்டில் நின்று பத்து நிமிடம் கடலைப் பாருங்கள். இருபுறமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல், நிறம் கறுத்துத் தெரிந்தால் அதுதான் ஆபத்தான வழி. மணல் கலங்கிய தண்ணீரோ நுரையோ குப்பையோ கடலை நோக்கி நகர்வதும் அடையாளம். சங்கடம் என்னவென்றால், குடும்பத்தோடு வருபவர்கள் ‘இங்கே அலை கம்மி’ என்று தேர்ந்தெடுப்பதும் அதே இடத்தைத்தான். தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு), பாலத் தூண், பாறை இவற்றின் ஓரத்திலும் இழுப்பு இருக்கும். உறுதியாகத் தெரியாவிட்டால் உள்ளூர் மீனவர் ஒருவரைக் கேளுங்கள். அவர் ‘வேண்டாம்’ என்றால் பேரம் பேசாதீர்கள்.

மெரினாவில் முழங்கால் அளவில்தானே நிற்கிறோம்?
– வாசகர், காரிமங்கலம்

அங்கே கரை சட்டென்று சரிகிறது. அலை திரும்பும்போது காலடி மணலையும் அரித்துக்கொண்டு போகும். விழுந்தவர் எழுவதற்குள் அடுத்த அலை வந்துவிடும். நனைந்த புடவையும் வேட்டியும் காலைக் கட்டிப்போடும். மெரினாவில் குளிக்கத் தடை இருப்பது காரணத்தோடுதான்.

காற்றே இல்லாத வெயில் நாளில் பயமில்லைதானே?
– வாசகர், ஓசூர்

அப்படி நினைக்க வேண்டாம். பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை சில நாள் கழித்து நம் கரைக்கு வரும். இங்கே வானம் வெளுத்திருக்கும். ‘கள்ளக்கடல்’ என்பது இதைத்தான். ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம். நம் விடுமுறையும் அப்போதுதான். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் இறந்ததும் இத்தகைய எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. கிளம்பும் முன் அதைப் பாருங்கள்.

நம் தென்பெண்ணை கடலில் சேரும் இடத்தில் குளிக்கலாமா?
– வாசகர், காவேரிப்பட்டினம்

கூடாது. கடலூர் அருகே மட்டுமல்ல, எந்த முகத்துவாரத்திலும் வேண்டாம். கடல் வற்றும் நேரத்தில் ஆற்று நீரும் சேர்ந்து வெளியே இழுக்கும்; மணல் திட்டு நாளுக்கொரு இடத்தில் இருக்கும்.

கண்ணெதிரே ஒருவர் இழுபட்டால் என்ன செய்வது?
– வாசகி, பாலக்கோடு

பின்னாலேயே குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறப்பது அடிக்கடி நடக்கிறது. ஒருவர் அவர் மேலிருந்து கண்ணை எடுக்காமல் கை நீட்டிக் காட்டிக்கொண்டே நிற்கட்டும். இன்னொருவர் 112-க்கு அல்லது கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-க்குப் பேசட்டும். வேனில் இருக்கும் 5 லிட்டர் தண்ணீர் கேனைக் காலி செய்து, ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் விட்டு மூடியை இறுக்கி வீசுங்கள். முழுக்கக் காலியான கேன் காற்றில் திரும்பி வந்துவிடும். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் தலை மேலே நிற்கும். கயிறு கட்டி வீசினால் இன்னும் நல்லது.

கரை சேர்த்த பின் வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தூக்குவது எதுவும் வேண்டாம். வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். மூச்சு இல்லை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதுங்கள். பிறகு மார்பின் நடுவில் 5 செ.மீ. அமுங்கும்படி 30 அழுத்தம், 2 ஊதல். அழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120 இருக்க வேண்டும். 108 வரும்வரை நிறுத்தாதீர்கள். தானே எழுந்து உட்கார்ந்து ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். உள்ளே போன நீரால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம்.