எக்செல் தாளில் அம்மாவின் நம்பர்: இணைய விளம்பரமும் நம் தகவல்களும் – கேள்வி பதில்

நான் வணிகவியல் மூன்றாம் ஆண்டு மாணவி. போன வருடம் டிஜிட்டல் மார்க்கெட்டிங் எங்களுக்கு ஒரு பாடமாக வந்தது. அதோடு இரண்டு மாதம் ஒரு சிறிய விளம்பர நிறுவனத்தில் பயிற்சிக்கும் போனேன். அதிலிருந்து சொந்தக்காரர்கள், தெருவில் இருப்பவர்கள், ஜூனியர்கள் என்று யாராவது போனை நீட்டி ஏதாவது கேட்டபடி இருக்கிறார்கள். கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். படித்ததையும் கண்ணால் பார்த்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

நானும் தங்கையும் ஃப்ரிட்ஜ் வாங்குவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அரை மணி நேரத்தில் என் போனில் ஃப்ரிட்ஜ் விளம்பரம். நாம் பேசுவதைப் போன் ஒட்டுக்கேட்கிறதா? – இல்லத்தரசி, மதுரை

அக்கா, எனக்கு வந்த கேள்விகளில் பாதி இதுதான். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். 2018இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். நமக்குத் தெரியாமல் மைக்கைத் திறந்து பேச்சை வெளியே அனுப்பியதாக ஒரு செயலியிலும் சான்று கிடைக்கவில்லை. ஆனால் திரையில் நாம் செய்வதைப் படம்பிடித்து வேறு நிறுவனத்துக்கு அனுப்பிய செயலி அகப்பட்டது.

ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை என்பது பாடம் படித்த பிறகுதான் புரிந்தது. உங்கள் தங்கை அன்று காலையில் ஃப்ரிட்ஜ் விலை தேடியிருக்கலாம். இரண்டு போனும் ஒரே வைஃபையில் இருந்தால், ஒரே வீட்டு ஆட்கள் என்று கணக்குப் போட அதுவே போதும். நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்ததும், அது முழுதாகத் தெரிவதற்கு முன்பே, உள்ளே ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. இந்த வயது, இந்த ஊர், இந்தப் போன், நேற்று இதைத் தேடினார் என்ற விவரங்களை வைத்து உங்களுக்கு விளம்பரம் காட்டும் இடத்தைக் கம்பெனிகள் ஏலம் கேட்கின்றன. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும்.

அடுத்த முறை ஃபேஸ்புக்கில் அப்படி விளம்பரம் வந்தால் ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தி, ‘இந்த விளம்பரம் எனக்கு ஏன் வருகிறது’ என்பதைத் திறந்து பாருங்கள். உங்கள் நம்பர் ஏதாவது பட்டியலில் இருந்து வந்தது என்றால் அதையும் அங்கே சொல்லும். நான் முதல் முறை திறந்தபோது, கால் வைத்தே இராத கடைகள் அதில் இருந்தன.

குக்கி என்கிறார்களே, அது என்ன? எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று அழுத்திவிடலாமா? – பிளஸ் டூ மாணவன், திருச்சி

தம்பி, பெரிய கடைகளில் பையை வாசலில் வைத்துவிட்டு டோக்கன் வாங்குவோம் இல்லையா, அது மாதிரிதான். 1994இல் நெட்ஸ்கேப் என்ற பழைய உலாவிக் கம்பெனியில் வேலை பார்த்த லூ மோன்டுலி என்பவர் கொண்டுவந்தது. டோக்கன் இருந்தால்தான் ‘முன்பு வந்த அதே ஆள்’ என்று தளத்துக்குத் தெரியும். கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கத்துக்குப் போனாலும் அப்படியே இருப்பது அதனால்தான். இதில் தப்பே இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். ஊரில் உள்ள எல்லாக் கடை வாசலிலும் ஒரே ஆள் நின்று டோக்கன் கொடுத்தால், காலையில் மருந்துக்கடை, மதியம் அடகுக்கடை, சாயங்காலம் புத்தகக்கடை என்று நீ போன இடமெல்லாம் அவனுடைய நோட்டில் ஏறிவிடும். மூன்றாம் தரப்புக் குக்கி என்பது அதுதான். உலாவிகளில் ஃபயர்பாக்ஸ் 2019இலும் சஃபாரி 2020இலும் இதைத் தாங்களாகவே தடுக்க ஆரம்பித்தன. இரண்டு ஆண்டுக்குள் நிறுத்திவிடுவோம் என்று குரோமுக்காக கூகுள் 2020இல் அறிவித்தது. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, 2024இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. அதனால் குரோமில் அமைப்புகளுக்குள் போய் நீயேதான் தடுக்க வேண்டும். மறுக்கும் பட்டன் இருந்தால் அதை அழுத்து. தளம் வழக்கம்போல வேலை செய்யும்.

சின்னப் புடவைக்கடை வைத்திருக்கிறேன். வாங்கியவர்கள் நம்பர் 3,000 கையில் இருக்கிறது. ‘அதை ஃபேஸ்புக்கில் ஏற்றினால் அவர்களுக்கும் அவர்களைப் போன்றவர்களுக்கும் விளம்பரம் காட்டலாம், நம்பரைக் குறியீடாக மாற்றித்தான் அனுப்புவோம், பயமில்லை’ என்கிறார் ஒரு ஏஜென்சிக்காரர். செய்யலாமா? – கடைக்காரர், ஈரோடு

அண்ணா, இதே வேலையைத்தான் நான் பயிற்சியில் செய்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது வாரம் ஒரு நகைக்கடைக்கான எக்செல் தாளை என்னிடம் கொடுத்தார்கள். நாலாயிரத்துச் சொச்சம் வரிசை. பெயர், போன், ஊர், திருமண நாள், கடைசியாக ‘மகள் வயது’ என்று ஒரு பத்தி. முகூர்த்த மாதம் வருகிறது, 18 வயதுக்கு மேல் மகள் உள்ளவர்களைத் தனியாகப் பிரித்து ஏற்று என்றார்கள். எண்களுக்கு முன்னால் 91 சேர்த்து, இடைவெளிகளை நீக்கி, பிரித்துக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் என் அம்மாவின் பெயர். அம்மாவின் நம்பர். மகள் வயது 19. அந்த 19 நான்.

அம்மா அந்த நகைக்கடைக்குப் போனதே இல்லை. வீட்டுக்கு வந்து கேட்டேன். யோசித்துவிட்டு, தீபாவளிக்கு ஒரு ஜவுளிக்கடையில் குலுக்கல் கூப்பன் எழுதிப் போட்டதாகச் சொன்னார். முதல் பரிசு ஸ்கூட்டி. பிள்ளைகள் வயதும் அதில் கேட்டிருந்தார்களாம். இரண்டு கடைக்கும் விளம்பர வேலை பார்த்தது ஒரே ஆள். யாரும் எதையும் திருடவில்லை. ஸ்கூட்டிக்காக எழுதியது நகைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் அந்தக் குறியீட்டு விஷயம். எஸ்ஹெச்ஏ-256 என்ற முறையில் நம்பரை 64 எழுத்துகள் கொண்ட நீளமான சரமாக மாற்றுவார்கள். சரத்தைப் பின்னோக்கிப் பிரித்து நம்பரை எடுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஒரே நம்பருக்கு எங்கே மாற்றினாலும் ஒரே சரம்தான் வரும். அதனால்தான் அந்தப் பக்கம் ஃபேஸ்புக்கிடம் உள்ள சரத்தோடு பொருந்துகிறது. இன்னொன்றும் இருக்கிறது. நம் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 என்று தொடங்கும் பத்து இலக்கம். மொத்தமே 400 கோடி வாய்ப்புகள்தான். எல்லாவற்றுக்கும் சரம் தயாரித்து ஒப்பிட்டுப் பார்ப்பது கணினிக்குப் பெரிய வேலை இல்லை. ‘குறியீடாகிவிட்டது, பயமில்லை’ என்பது பாதி உண்மை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். புடவை வாங்கியபோது அவர்கள் நம்பர் கொடுத்தது பில்லுக்காகவோ பிளவுஸ் தைத்ததும் சொல்வதற்காகவோ இருக்கும். விளம்பரத்துக்கு என்று கேட்டு வாங்கவில்லை என்றால் ஏற்றாதீர்கள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே இதுதான்: என்ன வாங்குகிறோம், எதற்கு என்று சொல்லி, சம்மதம் பெற்று, அந்த வேலைக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழி தர வேண்டும். தமிழில் கேட்பது உங்கள் வாடிக்கையாளரின் உரிமை. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் இருக்கிறது. வைத்திருக்கும் தகவலைச் சரியாகப் பாதுகாக்காமல் விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட இடமுண்டு.

பில் போடும்போது ஒரு வார்த்தை கேளுங்கள்: ‘புதுச் சரக்கு வந்தா வாட்ஸ்அப்ல சொல்லட்டுமா?’ சரி என்றவர்களை மட்டும் தனி நோட்டில் எழுதுங்கள். 3,000 பேர் 400 ஆகலாம். அந்த 400 பேரும் உங்கள் செய்தியைத் திறந்து பார்ப்பார்கள். நம்பரைத் தவிர வேறெதையும் கேட்டு வைக்காதீர்கள். வேண்டாம் என்று யாராவது சொன்னால் அன்றைக்கே நீக்கிவிடுங்கள்.

கடையில் போன் நம்பர் கொடுத்தால்தான் பில் என்கிறார்கள். கொடுத்தாக வேண்டுமா? விளம்பரக் குறுஞ்செய்திகளை எப்படி நிறுத்துவது? – ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

கொடுக்க வேண்டியதில்லை ஐயா. நம்பர் தரச்சொல்லி வாடிக்கையாளர்களை வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்திவிட்டது. ‘நம்பர் தர விருப்பமில்லை, பில்லைக் காகிதத்தில் கொடுங்கள்’ என்று சொன்னால் போதும். பெரும்பாலும் கவுன்ட்டரில் இருக்கும் பிள்ளை தானே பத்து இலக்கம் போட்டு முடித்துவிடும்.

குறுஞ்செய்திக்கு, ஸ்டார்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு 0 போட்டு 1909க்கு அனுப்புங்கள். அனுப்புபவர் பெயரின் கடைசியில் ஒரு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும், பாருங்கள். பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. 1909க்கு அனுப்பிப் பதிந்த பிறகும் பி வந்தால் அதே எண்ணுக்குப் புகார் கொடுக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: ஏதாவது படிவத்தில் ‘எனக்குச் செய்தி அனுப்பலாம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தால், அந்த நிறுவனத்துக்கு இந்தத் தடை பொருந்தாது.

‘2 அறைதான் பாக்கி, 17 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்று வருவதெல்லாம் நிஜமா? – கல்லூரி மாணவர், சென்னை

சில இடத்தில் நிஜம், பல இடத்தில் இல்லை. பொய் அவசரம் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, சந்தாவில் இருந்து வெளியேறும் வழியை ஒளித்துவைப்பது என்று 13 தந்திரங்களை 2023 நவம்பர் 30 அன்று வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் தடை செய்திருக்கின்றன. மாட்டிக்கொண்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் செய்.

மகளுக்கு 13 வயது. போனில் என்ன மாற்ற வேண்டும்? – அம்மா, கோயம்புத்தூர்

ஆண்ட்ராய்டு என்றால் அமைப்புகளில் கூகுள், அதற்குள் விளம்பரங்கள் என்று போய், விளம்பரத்துக்காக உங்கள் போனை அடையாளம் காட்டும் எண்ணை அழித்துவிடுங்கள் அக்கா. ஐபோன் என்றால், ‘பின்தொடரலாமா’ என்று செயலி கேட்கும்போது வேண்டாம் என்று கொடுக்கச் சொல்லுங்கள். 2021 ஏப்ரலில் ஆப்பிள் இதைக் கொண்டுவந்தது. இதனால் அடுத்த ஆண்டில் மட்டும் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே சொன்னது. ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லுக்கு அவ்வளவு விலை. நம் புதிய சட்டத்திலும் 18 வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதம் வேண்டும், பிள்ளைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்று இருக்கிறது. மகளோடு சேர்ந்து உட்கார்ந்து மாற்றுங்கள், அவளுக்கும் காரணம் தெரியட்டும்.

பெயரை எடுத்துவிட்டால் தகவல் யாருடையது என்று தெரியாதே, அப்புறம் என்ன பயம்? – முதலாண்டு மாணவி, சேலம்

நெட்ஃபிளிக்ஸ் 2006இல் சுமார் 4,80,000 சந்தாதாரர்கள் படங்களுக்குக் கொடுத்த 10 கோடி மதிப்பெண்களைப் பெயர் இல்லாமல், படப் பரிந்துரையை மேம்படுத்தும் ஒரு போட்டிக்காக வெளியிட்டது. அரவிந்த் நாராயணன், விட்டாலி ஷ்மாட்டிகோவ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அதை ஆராய்ந்து, ஒருவர் எட்டுப் படத்துக்குக் கொடுத்த மதிப்பெண்ணும் ஏறத்தாழ எந்தத் தேதி என்பதும் தெரிந்தால், 99 சதவீதப் பதிவுகளை இன்னார் என்று தனியே பிரித்துவிடலாம் என்று 2008இல் காட்டினார்கள். எட்டில் இரண்டு தப்பாக இருந்தாலும் சரி. இரண்டாவது போட்டியை நெட்ஃபிளிக்ஸ் 2010இல் கைவிட்டது. நாராயணன் நம் சென்னை ஐஐடியில் படித்தவர். அவர்களுடைய ஆய்வுக் கட்டுரையைப் படித்த பிறகு ‘பெயர் இல்லை’ என்ற சொல்லை நான் நம்புவதில்லை.

இவ்வளவு தெரிந்த பிறகும் இந்த வேலைக்குப் போவீர்களா? – சக மாணவி, நாகர்கோவில்

போவேன். ஈரோட்டு அண்ணன் மாதிரி கடை வைத்திருப்பவர்களுக்குப் பெரிய கம்பெனிகளோடு மோத இணையம் ஒன்றுதான் வழி. அவர்கள் கேட்டுச் செய்ய விரும்புகிறார்கள், எப்படிக் கேட்பது என்று சொல்லித்தர ஆள் இல்லை. எங்கள் பாடத்தில் ஐந்து அலகு. தனியுரிமை ஐந்தாவது அலகின் கடைசி அரைப்பக்கம். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன 2017 ஆகஸ்ட் 24 தீர்ப்பு, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கு, அதில் ஒரு வரிகூட இல்லை. நானாகத் தேடிப் படித்தேன்.

பயிற்சியில் அம்மாவின் வரிசையை எடுத்துவிட்டேன். மற்றவர்களுடையது என்னாயிற்று என்று அம்மா கேட்டார். மேலாளரிடம் போய்ச் சொன்னேன். ‘மகள் வயது’ பத்தியை மட்டும் நீக்கச் சம்மதித்தார், பட்டியல் ஏறியது. அது இன்னும் என் மனதில் கிடக்கிறது.

கடைசிப் பருவத்துக்கான புராஜெக்டாக, நம்பர் வாங்கும்போது சின்னக் கடைகள் பயன்படுத்தக்கூடிய அரைப்பக்கச் சீட்டு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரைவில் ‘ஒப்புதல்’ என்று போட்டு அம்மாவிடம் காட்டினேன். ‘சம்மதம்னு போடு, பொண்ணு கிட்ட கேப்பாங்கல்ல, அது மாதிரி’ என்றார். மாற்றிவிட்டேன்.