படங்களைக் கொண்டு குழந்தை சாப்பிட்ட அளவைக் கணிக்க முடியுமா?

சைதாப்பேட்டை அங்கன்வாடிக்கு வந்த கணக்கெடுப்பாளர்கள் சோற்றுப் படங்களைக் காட்டி, 2 வயது மகள் நேற்று எந்த அளவு சாப்பிட்டாள் என்று கேட்டதாகவும், அதை நம்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நம்பலாம், ஆனால் படங்கள் குழந்தைகளுக்கென எடுக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். தாயின் நினைவில் நிற்பது கிராம் கணக்கு அன்று, கிண்ணத்தின் தோற்றமே. அதனால்தான் ஒரே உணவை எடைபோட்டு, சிறிதிலிருந்து பெரிதாக, ஒரே தட்டில் ஒரே கோணத்தில் படமெடுத்து வைத்திருக்கிறார்கள்; அவற்றில் தாய் சுட்டிக்காட்டும் படத்துக்குரிய எடையே கணக்கில் ஏறும். பெரியவர்களின் அளவுகளே படத்தில் இருந்தால், மிகச் சிறிய படம்கூடக் குழந்தைக்கு அதிகமாகி, கணக்கு ஏறிவிடும்.

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது மிச்சம்தான். பருப்பு சாதத்தைப் பிசைந்து ஊட்டும்போது, கிண்ணத்தில் போட்டது ஒன்று, வயிற்றுக்குள் போனது வேறு. கன்னத்திலும் பாயிலும் ஒட்டியது போக, கடைசி இரண்டு வாய் பாட்டிக்குப் போய்விடும். ஆகவே பரிமாறியதற்கு ஒரு படமும் மிஞ்சியதற்கு ஒரு படமும் காட்டச் சொல்லி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க வேண்டும். இதைக் கேட்காத கணக்கெடுப்பை நான் ஏற்கமாட்டேன்.

குழைய வடித்த சோற்றில் தண்ணீர் அதிகம் என்பதால், பக்குவத்தையும் கேட்டறிவது அவசியம். இட்லியை எண்ணிவிடலாம், அளவு மட்டும் வீட்டுக்கு வீடு மாறும். தாய்ப்பாலுக்குப் படம் உதவாது. பாலூட்டுவதற்கு முன்னும் பின்னும் குழந்தையை எடைபோட்டு அறியலாம்.

சிறிய அளவைக் கூட்டியும் பெரிய அளவைக் குறைத்தும் சொல்லும் இயல்பு பலரிடமும் உண்டு. எனவே இந்த முறை பல குழந்தைகளின் சராசரிக்குப் பொருந்தும் அளவுக்கு, உங்கள் மகளின் ஒருநாள் சாப்பாட்டுக்குப் பொருந்தாது.