சுட்ட பன்றிக்கறியும் பழ சால்சாவும்: கேட்டதும் சொன்னதும்

பள்ளி விடுமுறையில் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒன்றுகூடினோம். அன்று நான் சுட்ட பன்றிக்கறியைச் சாப்பிட்டவர்கள் அப்புறம் கேட்ட கேள்விகள் இவை.

அண்ணே, சீனர் கடையில் எந்தக் கறியைக் கேட்பது?

கழுத்துக்கறி. பெயர் தெரியாமல் என் கழுத்தையே தொட்டுக் காட்டித்தான் முதன்முதலில் வாங்கினேன். கடைக்காரர் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். உள்ளே கொழுப்பு இழையிழையாக ஓடுவதால் நெருப்பில் காயாது. 2 செண்டிமீட்டர் கனத்துக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். முதுகுக்கறி சீக்கிரம் வறண்டுபோகும். வயிற்றுக்கறியில் கொழுப்பு சொட்டிச் சொட்டி நெருப்பு மேலே பாயும், புதிதாகச் சுடுபவர்களுக்கு வேண்டாம்.

அன்னாசிச் சாற்றில் ஊறவைத்தால் கறி மெத்தென்று ஆகுமாமே?

ஆகும், அதில்தான் ஆபத்தே. ஒரு தடவை ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். காலையில் கறியைத் தொட்டால் விரல் உள்ளே போகிறது. சுட்டபோது வாயில் மாவு மாதிரி கரைந்தது, வீட்டில் யாரும் இரண்டாவது துண்டு கேட்கவில்லை. பச்சை அன்னாசியில் உள்ள புரோமெலின் என்ற நொதி கறியின் புரதத்தை அறுத்துவிடும். டின் அன்னாசியில் அந்த வேலை நடக்காது, சூட்டில் அது செத்துப்போயிருக்கும். அதனால் பழத்தை ஊறலில் சேர்க்காதீர்கள், சுட்ட பிறகு மேலே வையுங்கள். ஊறலுக்கு அரை கிலோ கறிக்கு இரண்டு மேசைக்கரண்டி கிச்சாப் (சோயா சாஸ்), நசுக்கிய பூண்டு, மிளகு, கொஞ்சம் எண்ணெய். ஒரு மணி நேரம் போதும். சீனியோ தேனோ தடவ நினைத்தால் கடைசி இரண்டு நிமிடத்தில் தடவுங்கள், முன்னாலேயே தடவினால் கருகிவிடும்.

எந்தக் கரி நல்லது தம்பி?

நம் பேராக்கிலேயே கோலா செபெத்தாங்கில் பாக்காவ் என்ற சதுப்புநில மரத்தில் சுடுகிற கரி இருக்கிறதே அக்கா, அதுதான். நின்று எரியும். மேலே சாம்பல் பூக்கும்வரை காத்திருங்கள். கரியை ஒரு பக்கமாகக் குவித்து, மறுபக்கத்தைச் சும்மா விடுங்கள். சூடான பக்கத்தில் இரண்டு புறமும் நிறம் பிடித்ததும் கறியைச் சும்மா இருக்கும் பக்கத்துக்கு நகர்த்துங்கள். மழை வந்ததென்று அடுப்பை வீட்டுக்குள் தூக்கிப் போகாதீர்கள், கரிப்புகை ஆளைக் கொல்லும்.

வெந்ததை எப்படித் தெரிந்துகொள்வது?

இறைச்சி வெப்பமானி வாங்குங்கள். துண்டின் நடுவில் 63 டிகிரி செல்சியஸ் காட்டினால் எடுத்து 3 நிமிடம் ஆறவிடுங்கள். அரைத்த கறிக்கு 71 வேண்டும். நிறத்தை நம்பாதீர்கள்: 63-இல் நடுவில் லேசாக ரோஜா நிறம் இருக்கலாம். எங்கள் அம்மா அதைத் தொடமாட்டார், அவருக்கு மட்டும் 70 வரை விடுவேன்.

சால்சா என்றால் பச்சடியா?

ஸ்பானிஷில் அதற்குச் சாறு, குழம்பு என்றுதான் பொருள். நாம் செய்வது பச்சடிக்கும் ரோஜாக் என்ற பழக் கலவைக்கும் நடுவில் ஒன்று. ஜோசபின் ரக அன்னாசி பாதி, அதிகம் பழுக்காத மாம்பழம் ஒன்று, சின்ன வெங்காயம் நாலு, சிலி பாடி (ஊசிமிளகாய்) இரண்டு, மல்லித்தழை, எல்லாம் பொடியாக நறுக்கியதுதான். மேலே லிமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சை மூன்றின் சாறு. உப்பைப் பரிமாறும் நேரத்தில் போடுங்கள், முன்பே போட்டால் தண்ணீர் விட்டு ரசமாகிவிடும். மாம்பழம் கிடைக்காத காலத்தில் பீடோர் கொய்யா. மொறுமொறுவென்று இருக்கும், உண்மையில் எனக்கு அதுதான் பிடிக்கும்.

இது கோடைச் சாப்பாடு என்கிறார்களே, நமக்கு எப்போது?

கோடை உள்ள ஊர்க்காரர்கள் கணக்கு அது. நமக்கு வருஷம் முழுக்க வெயில்தான். சாயங்கால மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டில் மலாய்க் குடும்பம். கூப்பிடலாமா?

கூப்பிடுங்கள், ஆனால் அன்று பன்றி வேண்டாம். ஹலால் கோழியைப் பன்றி படாத அடுப்பில், வேறு இடுக்கி, வேறு தட்டு வைத்துச் சுடுங்கள். சால்சா அதற்கும் அப்படியே பொருந்தும்.